‘திருப்தியா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்: ஊசி போட்ட குழந்தையின் வீட்டில் பேசுவது எப்படி

வேலூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பரீட்சை அட்டையும் பேனாவுமாக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. நர்சிங் படிக்கிற பிள்ளைகள், சமூகப் பணி படிக்கிறவர்கள், என்எஸ்எஸ் முகாம், மகளிர் குழு, அப்புறம் எப்போதும் ஏதாவது ஓர் ஆய்வு. சிஎம்சி மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊர், குழந்தைகளின் வயிற்றுப்போக்கைத் தடுக்கிற ரோட்டாவாக் சொட்டு மருந்தைச் சோதித்த 3 இடங்களில் (டெல்லி, புனே, வேலூர்) ஒன்று, கேட்கவா வேண்டும். அதனால் இங்கே ஜனங்களுக்கு ஒரு கைப்பழக்கமே வந்துவிட்டது. என்ன சொன்னால் இந்தப் பொண்ணு சீக்கிரம் எழுந்து போகும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ‘எல்லாம் நல்லாத்தாம்மா கீது.’ அவ்வளவுதான், முடிந்தது.

நானும் சில வருடம் அப்படி அட்டையைத் தூக்கிக்கொண்டு காட்பாடி, கே.வி.குப்பம், அணைக்கட்டு பக்கமெல்லாம் அலைந்தவள். குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிற சேவையில் பெற்றோருக்குத் திருப்தி இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதுதான் வேலை. முதல் ஆறு மாதம் நான் எழுதிக்கொண்டு வந்த தாளெல்லாம் பார்த்தால் உலகத்திலேயே குறை இல்லாத ஊர் நம் ஊர்தான். எங்கே தப்பு செய்தேன், பிறகு எப்படிக் கேட்டால் நிஜம் வெளியே வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்கள் மாணவியாகவோ, வார்டு உறுப்பினராகவோ, குழுத் தலைவியாகவோ இருந்து இந்த வேலையில் இறங்கப் போகிறீர்கள் என்றால் உதவும்.

முதலில், இதை ஏன் கேட்க வேண்டும்? ஊசி போட்டாச்சா இல்லையா என்கிற கணக்கு அரசிடம் இருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 2015-16இல் தமிழ்நாட்டில் முழுமையாகத் தடுப்பூசி போட்ட குழந்தைகள் சுமார் 70 சதவீதம், 2019-21இல் சுமார் 89. நல்ல உயர்வுதான். ஆனால் அந்த 89க்குள்ளே ஒரே நடையில் சிரித்துக்கொண்டு போட்டுவிட்டு வந்தவளும் இருக்கிறாள், மூன்று வாரம் அலைந்து நாலாவது வாரம் அழுதுகொண்டே போட்டுவிட்டு வந்தவளும் இருக்கிறாள். இரண்டாமவள் அடுத்த குழந்தைக்கு என்ன செய்வாள் என்பதை அந்தக் கணக்கு சொல்லாது.

வார்த்தையிலேயே முதல் சிக்கல்

‘திருப்தி’ என்பது நம் கிராமத்தில் சாப்பாட்டுக்கும் சாமிக்கும் சொல்கிற வார்த்தை. பந்தியில் ‘திருப்தியா சாப்ட்டீங்களா’ என்பார்கள், ‘திருப்தியா சேவிச்சோம்’ என்பார்கள். சப் சென்டரில், அதாவது துணை சுகாதார நிலையத்தில், ஊசி போட்டதற்குத் திருப்தி என்று யாரும் பேசுவதில்லை. நான் ஒரு பாட்டியிடம் கொஞ்சம் வேகமாக ‘திருப்திங்களா பாட்டி?’ என்று கேட்க, ‘போன மாசந்தாம்மா போயிட்டு வந்தோம், நல்ல கூட்டம்’ என்றார். இரண்டு கேள்வி தாண்டித்தான் எனக்கு விளங்கியது, அவர் காதில் விழுந்தது திருப்பதி. சித்தூர் எல்லையை ஒட்டிய ஊரில் அப்படித்தான் விழும்.

அடுத்தது ‘பரவாயில்லை’. பெரும்பாலான படிவங்களில் ‘மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை, அதிருப்தி, மிகவும் அதிருப்தி’ என்று ஐந்து கட்டம் போட்டிருப்பார்கள். நடுவில் இருக்கிற பரவாயில்லையை எழுதினவர் சுமார் என்று நினைத்து எழுதியிருக்கிறார். ஆனால் நம் ஆட்கள் அதை எத்தனை விதமாகச் சொல்கிறார்கள் பாருங்கள். ‘பரவால்லியே, இப்பெல்லாம் சேர் போட்டுக் குடுக்கறாங்க’ என்றால் பாராட்டு. ‘பரவால்ல விடும்மா’ என்றால் மனக்குறை இருக்கிறது, ஆனால் பேச விருப்பமில்லை. ‘ஏதோ பரவால்ல’ என்றால் சலிப்பு. மூன்றையும் ஒரே கட்டத்தில் டிக் அடித்தால் அந்தத் தாளை அடுப்புக்குத்தான் போட வேண்டும். அளவுகோல் கட்டாயம் வேண்டும் என்று உங்கள் கைடு பிடிவாதம் பிடித்தால் நடுக்கட்டத்துக்கு ‘சுமார்’ என்று போடுங்கள், அதோடு அவர்கள் வாயிலிருந்து வந்த வாக்கியத்தை அப்படியே பக்கத்தில் எழுதி வையுங்கள்.

போவதற்கு முன்னால்

வட்டார மருத்துவ அலுவலரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். படிப்புக்கான ஆய்வு என்றால் உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். அப்புறம், இதைப் பலர் செய்வதில்லை, அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரிடம், அதாவது ஊரில் நர்ஸம்மா என்று கூப்பிடுகிறவரிடம், நேரில் போய்ச் சொல்லுங்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அத்தனை பேருக்கும் கர்ப்பிணிப் பதிவு, பிரசவம், ஊசி, கம்ப்யூட்டர் பதிவு எல்லாம் அந்த ஒருத்தர் தலையில்தான். நீங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் போய்க் குறை பொறுக்குகிறீர்கள் என்று நினைத்துவிட்டால் அவ்வளவுதான், மறுநாளே ஊர் முழுக்க வாய் மூடிக்கொள்ளும். ‘உங்களைப் பற்றிக் கேட்க வரவில்லை, ஊசி நாள் எப்படி நடக்குது என்று கேட்கிறோம், முதலில் உங்களுக்குத்தான் சொல்வோம்’ என்று சொல்லி, அதைக் காப்பாற்றவும் வேண்டும்.

ஆனால் அவரைக் கூட அழைத்துக்கொண்டு வீடுகளுக்குப் போகாதீர்கள். பால்வாடி டீச்சரோடும் வேண்டாம். காரணம் பணம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய் மதிப்பு, அதில் ஒரு பகுதி குழந்தைக்கு ஊசி போட்ட பிறகுதான் கைக்கு வரும், அதைப் பதிவு செய்து கொடுப்பது நர்ஸம்மா. அவர் பக்கத்தில் நிற்கும்போது எந்தத் தாய் வாயைத் திறந்து குறை சொல்வாள்? நீங்கள் தனியாகப் போனாலும் ‘இதைச் சொன்னா துட்டு நின்னுடுமா?’ என்று ஒருத்தராவது கேட்பார். பெயர் எழுதமாட்டேன், போட்டோ எடுக்கமாட்டேன், பணத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அப்படிச் சொல்லிவிட்டுப் பெயரையும் எழுதினால் உங்களை யார் நம்புவார்கள்? வீட்டுக்கு ஒரு எண் போதும்.

எந்த வீடு, எந்த நேரம்

பேருந்து நிறுத்தத்திலிருந்து ஆரம்பித்து நிழல் இருக்கிற தெருவில் நாலு வீடு முடித்துவிட்டுத் திரும்புவது எல்லோரும் செய்கிற சோம்பேறித்தனம், நானும் செய்திருக்கிறேன். சப் சென்டருக்குப் பக்கத்து வீட்டுக்காரிக்கு என்ன கஷ்டம் இருக்கப் போகிறது? பால்வாடியில் பிறப்புப் பட்டியல் இருக்கும், அதை வாங்கி, ஊர், காலனி, கொல்லைமேட்டில் தனித்தனியாக இருக்கிற வீடுகள், இருளர் குடியிருப்பு இருந்தால் அது, செங்கல் சூளை இருந்தால் அங்கே தங்கியிருக்கிறவர்கள் என்று பிரித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் சில வீடு எடுங்கள். சூளைக் குடும்பங்கள் பட்டியலிலேயே இருக்கமாட்டார்கள், நேராகப் போய்த்தான் கேட்க வேண்டும். அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, ஜார்த்தான்கொல்லை போல மலை மேல் இருக்கிற ஊர்களுக்குப் போவதானால் அதற்கென்று ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கீழே கேட்கிற கேள்வியை அங்கே கேட்டால் சிரிப்பார்கள். கீழே ‘எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க’ என்பது பிரச்சினை, மேலே ‘எவ்வளவு தூரம் நடந்தீங்க’ என்பது பிரச்சினை.

இன்னொன்று, தாய்வீடு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதால் குழந்தை முதல் மூன்று நாலு மாதம் அங்கேதான் இருக்கும். பதிவு புருஷன் ஊரில், ஊசி அம்மா ஊரில், தடுப்பூசி அட்டையில் இரண்டு ஊர்க் கையெழுத்து. பட்டியலில் இருக்கிற பெண் வீட்டில் இல்லை என்றால் ‘ஆள் இல்லை’ என்று அடித்துவிட்டு வராதீர்கள், அதே நேரம் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிற பெண் பட்டியலில் இல்லை என்று விட்டுவிடவும் செய்யாதீர்கள். ‘உங்க ஊர்ல போய்ப் போட்டுக்கோங்க’ என்கிற பேச்சை அதிகம் கேட்டது இவர்கள்தான். எந்த ஊரில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்பது அவர்களுக்கே தெரியாது.

நேரம் பற்றி. தமிழ்நாட்டில் ஊசி நாள் புதன்கிழமை. அன்றைக்கே சப் சென்டர் வாசலில் நின்று கேட்பது சுலபம், ஆனால் அழுகிற குழந்தையை வைத்துக்கொண்டு மினி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவளிடம் என்ன கிடைக்கும்? அதுவும் நர்ஸம்மா காதுக்கு எட்டுகிற தூரத்தில். சனி, ஞாயிறு போங்கள். அதற்குள் காய்ச்சல் வந்து போயிருக்கும், தொடை வீக்கம் வடிந்திருக்கும், மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் முடிந்திருக்கும். என் அனுபவத்தில் ஒரு தாய்க்கு அந்தச் சேவை பிடித்ததா இல்லையா என்பது ஊசி போட்ட அன்றைக்கு ராத்திரிதான் முடிவாகிறது.

நூறு நாள் வேலைக்குப் போகிற ஊரென்றால் மாலை நாலு மணிக்கு மேல். ஷூ கம்பெனி பஸ் வருகிற ஊரென்றால் ஞாயிறு. பேரணாம்பட்டு பக்கம் உருது பேசுகிற வீடுகளும் குடியாத்தம் எல்லையில் தெலுங்கு பேசுகிற வீடுகளும் உண்டு, அந்த மொழி தெரிந்த ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள். தமிழில் கேட்டாலும் பதில் வரும், ஆனால் ஒற்றை வார்த்தையில்தான் வரும்.

ஒரு முறம், மூன்று புதன்கிழமை

நான் கேள்வியை மாற்றியது ஒரு பீடி சுற்றுகிற பெண்ணின் திண்ணையில். முறத்தை மடியில் வைத்துக்கொண்டு, வெட்டி வைத்த இலையை எடுத்துத் தூளைப் பரப்பி உருட்டி, முனையை மடித்து நூல் சுற்றிப் போட்டுக்கொண்டே இருந்தார், கண் என் மேல் இருக்கிறது, கை பாட்டுக்கு ஓடுகிறது. தூளியில் ஒன்பது மாதத்தைத் தாண்டிய குழந்தை.

‘ஊசியெல்லாம் எப்படிங்க போடறாங்க?’

‘நல்லாத்தான் போடறாங்க.’

‘ஏதாவது குறை?’

‘இன்னா குறை? ஒண்ணும் இல்ல.’

திருப்தி என்று டிக் அடித்துவிட்டேன். பேனாவை மூடிக்கொண்டே சும்மா பேச்சுக்கு, ‘ஒரு நாளைக்கு எத்தினி கட்டு ஆவுது?’ என்றேன். சொன்னார். ‘புதன்கிழமையுமா?’ என்றேன். கை நின்றுவிட்டது.

‘புதங்கெழம எங்க ஆவுது’ என்று ஆரம்பித்தவர் பத்து நிமிஷம் நிறுத்தவில்லை. ஒன்பதாம் மாத ஊசிக்காக முதல் புதன் காலை ஒன்பது மணிக்கே போயிருக்கிறார். ‘இன்னும் ரெண்டு மூணு கொயந்த வரட்டும், அப்பதான் பாட்டில் ஒடைக்க முடியும்’ என்றார்களாம். பன்னிரண்டு மணி வரைக்கும் யாரும் வரவில்லை, அடுத்த வாரம் வாங்க. அடுத்த வாரமும் அதே கதை. மூன்றாவது புதன் போட்டார்கள். மூன்று அரைநாள் பீடிக்கூலி போச்சு, நடுவில் ஒரு நாள் இலை காய்ந்து நொறுங்கியும் போச்சு. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், ‘நர்ஸம்மா நல்லவங்கதான், பாவம் அவுங்க இன்னா பண்ணுவாங்க’ என்றார்.

இதற்கு என்ன கட்டத்தில் டிக் அடிப்பீர்கள்? நர்ஸம்மா மேல் திருப்தி, புதன்கிழமை மேல் கடுப்பு. இரண்டும் நிஜம்.

பாட்டில் விஷயத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இந்தப் புகார் திரும்பத் திரும்ப வரும். ஒன்பதாம் மாதத்தில் போடுகிற தட்டம்மை-ரூபெல்லா ஊசியும், காசநோய்க்காகப் பிறந்தவுடன் போடுகிற பிசிஜியும் பொடியாக வரும், நீர்மம் கலந்துதான் போட வேண்டும். ஒரு குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும், கலந்து 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ஐந்து நோய்க்குச் சேர்த்துப் போடுகிற பென்டாவேலன்ட் மாதிரியானவற்றை விதிப்படி குளிரில் வைத்து 28 நாள் வரை திறந்த குப்பியிலிருந்து எடுக்கலாம், இவற்றில் அது முடியாது. வீணாக்கிவிட்டாய் என்று மேலிருந்து கேட்பார்களோ என்கிற பயத்தில் நர்ஸம்மாக்கள் ஆள் சேர்க்கப் பார்க்கிறார்கள். ஆனால் ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறந்து போட்டு அனுப்ப வேண்டும் என்பதுதான் முறை. தாய்க்கு இதில் ஒன்றுமே தெரியாது, ‘பாட்டில் இல்லை’ என்றுதான் நினைத்துக்கொண்டு திரும்புகிறாள்.

அப்போ எப்படிக் கேட்பது

கருத்தைக் கேட்காமல் நடந்ததைக் கேளுங்கள். ‘கடைசியாக ஊசி போட்டீங்களே, அன்னிக்குக் காலையிலிருந்து சொல்லுங்க’ என்று ஆரம்பித்துவிட்டு விட்டுவிடுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினார், வீடு திரும்பினபோது மணி என்ன, மினி பஸ்ஸா ஷேர் ஆட்டோவா யாராவது பைக்கில் கொண்டுபோய் விட்டார்களா, எவ்வளவு செலவு, அன்றைக்கு வேலைக்குப் போகாததால் எவ்வளவு போச்சு. அங்கே எங்கே உட்கார்ந்தீர்கள், குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவாக இடம் இருந்ததா, தண்ணீர், கழிப்பறை. இதையெல்லாம் கேட்டாலே முக்கால்வாசி வெளியே வந்துவிடும்.

அப்புறம் ஊசி போட்ட அந்த ஐந்து நிமிஷத்தை மெதுவாகக் கேளுங்கள். நர்ஸம்மா ஒவ்வொரு தாய்க்கும் கட்டாயம் சொல்ல வேண்டியவை நான்கு: இன்றைக்குப் போடுகிற ஊசி எந்த நோய்க்கு, அடுத்தது எப்போது, காய்ச்சலோ வீக்கமோ வந்தால் என்ன செய்வது, தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்து அடுத்த தடவை கொண்டு வாருங்கள் என்பது. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்ல வேண்டும். ‘நாலும் சொன்னாங்களா?’ என்று கேட்டால் ‘சொன்னாங்க, சொன்னாங்க’ என்றுதான் பதில் வரும். அதற்குப் பதிலாக, தடுப்பூசி அட்டையை மூடி வைத்துவிட்டு, ‘அடுத்த ஊசி என்னிக்கு?’ என்று கேளுங்கள். சொல்லத் தெரிந்தால் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ‘போட்டதும் எப்போ கிளம்பினீங்க?’ என்று கேளுங்கள், அரை மணி நேரக் கணக்கு தானாகத் தெரிந்துவிடும்.

ஊசியின் பெயர் தெரிய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், எம்.ஏ. படித்தவளுக்கே தெரியாது. எங்கெங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். ஒன்றரை மாதத்திலும் மூன்றரை மாதத்திலும் இடது தொடையில் பென்டா, வலது தொடையில் நிமோனியாவைத் தடுக்கிற நியூமோகாக்கல், வலது கையில் தோலுக்குள் போலியோ ஊசி, ஆக ஒரே நாளில் மூன்று குத்து, அதற்கு மேல் போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும். இது உங்களுக்குத் தெரிந்திருந்தால்தான் ‘ஒரே நேரத்துல மூணு ஊசி குத்திட்டாங்கம்மா’ என்று ஒரு பாட்டி ஆத்திரப்படும்போது அது தவறுக்கான புகார் இல்லை, முன்கூட்டியே சொல்லவில்லை என்கிற புகார் என்று புரிந்துகொள்ள முடியும். பிசிஜி போட்ட இடது கையில் சில வாரம் கழித்துக் கட்டி மாதிரி வந்து தழும்பாவதும் அப்படித்தான். சொல்லி வைத்திருந்தால் இயல்பு, சொல்லாவிட்டால் ‘ஊசி சீழ் புடிச்சிடுச்சி’.

ராத்திரியைக் கட்டாயம் கேளுங்கள். காய்ச்சல் வந்ததா, மருந்து கையில் கொடுத்தார்களா, எத்தனை சொட்டு என்று சொன்னார்களா, வீங்கின இடத்துக்கு என்ன செய்தீர்கள், யாருக்குப் போன் செய்தீர்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். ‘நர்ஸம்மாவுக்குப் போன் பண்ணேன், எடுத்தாங்க’ என்று ஒரு தாய் சொன்னால் அவளுக்கு அந்த சப் சென்டரில் நாற்காலி இல்லாததுகூட ஞாபகம் இருக்காது. ‘யாருக்குப் பண்றதுன்னே தெரியல’ என்று சொன்னால், அங்கே ஏசியே போட்டிருந்தாலும் பிரயோசனம் இல்லை. 104க்குக் கூப்பிட்டால் ஆலோசனை கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியுமா என்றும் கேட்டுப் பாருங்கள், தெரியவில்லை என்றால் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆய்வாளர் எதிலும் தலையிடக்கூடாது என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பேட்டி முடிந்த பிறகு சொல்லுங்கள், அவ்வளவுதான்.

‘எப்பவாவது போயிட்டு ஊசி போடாமயே திரும்பி வந்திருக்கீங்களா?’ என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். அந்த முறத்துக்காரி எனக்குக் கொடுத்த கேள்வி அது.

கடைசியாக, திருப்தி என்று ஒரு எண் வேண்டுமென்றால் இப்படிக் கேளுங்கள்: ‘உங்க தங்கச்சிக்குக் கொயந்த பொறந்தா இங்கியே போடச் சொல்லுவீங்களா?’ ஆமாம், இல்லை, யோசித்துச் சொல்கிறேன். தன் குழந்தைக்கு எதையும் பொறுத்துக்கொள்கிறவள் தங்கச்சிக்கு என்றால் உண்மையைச் சொல்லிவிடுவாள். ‘அவளுக்கு வண்டி கீது, டவுன்ல தனியார்ல வலியில்லா ஊசி போட்டுக்குவா’ என்று பதில் வந்தால் நிறுத்தி, ஏன் என்று கேளுங்கள். ஒரு ஊசிக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்துத் தனியாரில் போடுகிறவர்கள் எல்லோரும் வலிக்கு மட்டும் பயந்து போகவில்லை. மாலையிலும் போடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும் போடுகிறார்கள், டாக்டர் குழந்தையைத் தொட்டுப் பார்க்கிறார் என்று காரணம் வேறு வேறாக வரும்.

அப்பா, மாமியார், பழைய பயம்

தலைப்பில் பெற்றோர் என்று போட்டுவிட்டுத் தாயை மட்டும் கேட்டுவிட்டு வருகிற ஆய்வுகள் எத்தனையோ. அப்பாவை மாலையில் டீக்கடை பக்கம் பிடியுங்கள். அவருக்கு பெட்ரோலும் ஒரு நாள் கூலியும்தான் தெரியும் என்று நினைக்காதீர்கள், ‘என்னை உள்ள விடல, வெளிய நிக்கச் சொன்னாங்க, உள்ள கொயந்த அழுவுது’ என்று ஒருவர் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதுவரைக்கும் அப்பாவுக்கு அங்கே ஓர் இடம் வேண்டும் என்று நான் யோசித்ததே இல்லை.

மாமியாரை எதிரியாகப் பார்க்காதீர்கள். அவரைத் தள்ளிவிட்டு மருமகளிடம் பேச முயன்றால் இரண்டு பேரிடமும் ஒன்றும் கிடைக்காது. முதலில் அவரிடம், ‘உங்க காலத்துல எப்படிம்மா அம்மை குத்துவாங்க?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டுவிட்டால் அவரே பேசி முடித்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார், அப்புறம் மருமகள் பேசுவாள்.

பயத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் குறுக்கே பேசாதீர்கள். அது வெறும் வதந்தியால் வந்ததல்ல. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட பிறகு 4 குழந்தைகள் இறந்தன, அதற்கப்புறம் கொஞ்ச காலம் கிராமத்தில் வந்து போடுவதையே நிறுத்திவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் இருக்கும்போதுதான் போட்டார்கள். அன்றைக்கு இளம் தாயாக இருந்தவர்கள் இன்றைக்குப் பாட்டியாகிக்கொண்டிருக்கிறார்கள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா முகாமின்போது வாட்ஸ்அப்பில் என்னென்னவோ சுற்றியதே, அதையும் இன்னும் சொல்கிறார்கள். நீங்கள் கேட்கப் போனவர், பாடம் நடத்தப் போனவர் இல்லை. முழுசாகக் கேட்டு எழுதிக்கொண்டு, அவர்களாகக் கேட்டால் மட்டும் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

எழுதி முடித்த பிறகு

சதவீதம் போடுவதெல்லாம் உங்கள் கைடு சொல்லிக் கொடுப்பார். நான் செய்வது என்னவென்றால், எல்லாப் புகாரையும் துண்டுச் சீட்டில் எழுதி மூன்று குவியலாகப் பிரிப்பேன். நர்ஸம்மா அடுத்த புதனே மாற்றக்கூடியது ஒன்று: நாலு விஷயத்தைச் சொல்வது, வந்த வரிசையில் கூப்பிடுவது, அப்பாவை உள்ளே விடுவது. ஆரம்ப சுகாதார நிலையமோ வட்டாரமோ செய்ய வேண்டியது இரண்டாவது: குப்பியைத் திறக்க பயமில்லாமல் இருக்க ஓர் உத்தரவு, நாற்காலி, மின்விசிறி, பால் கொடுக்க ஒரு திரை. சுகாதாரத் துறையால் முடியாதது மூன்றாவது: ரோடு, பஸ், நிழல். இந்த மூன்றாவதைத் தூக்கி நர்ஸம்மா தலையில் போடாமல் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். வருஷத்தில் ஆறு தடவை நடக்கிறது, அக்டோபர் 2க்கும் ஜனவரி 26க்கும் கூட்டமும் வரும். தீர்மானத்தில் ‘ஊசி போட வரும் தாய்மார்களுக்காக’ என்று ஒரு வரி சேர்த்தால் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வராது.

நர்ஸம்மாவிடம் சொல்லும்போது பாராட்டு வந்திருந்தால் அதை முதலில், அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே படித்துக் காட்டுங்கள். ‘போன் பண்ணா எடுக்கறாங்க’ என்று நாலைந்து பேர் சொல்லியிருந்ததைப் படித்தபோது ஒரு நர்ஸம்மா கண் கலங்கிவிட்டார், இத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் அதைச் சொன்னதில்லையாம். அதற்கப்புறம் குப்பி விஷயத்தை எடுத்தபோது சண்டைக்கு வரவில்லை. பக்கத்துக் கிராமத்துத் தாய்களுக்கும் முந்தின நாளே போன் செய்து, ஒன்பதாம் மாதக் குழந்தைகளை ஒரே புதனுக்கு வரவைக்கிறேன், ஒருத்தர் மட்டும் வந்தாலும் திருப்பி அனுப்பமாட்டேன் என்று அவராகவே சொன்னார். எந்த வீட்டில் யார் சொன்னது என்று கேட்பார்கள், சொல்லாதீர்கள்.

மூன்று மாதம் கழித்து அதே வீடுகளுக்குத் திரும்பப் போங்கள், அதே கேள்விகளோடு. ஆடி மாதமாக மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருப்பார்கள், கூழ் ஊற்றுவார்கள், புதுப்பெண்கள் அம்மா வீட்டுக்குப் போயிருப்பார்கள், பாதி வீடு பூட்டிக் கிடக்கும். திறந்திருக்கிற வீட்டில் உங்களை உட்காரவைத்துக் கூழ் கொடுப்பார்கள், அதைக் குடித்துவிட்டு எந்த முகத்தோடு அட்டையை எடுப்பீர்கள்? ஆவணி பிறந்ததும் போங்கள், பீடி போடுகிற நாளும் நேரமும் முன்னாலேயே கேட்டுக்கொண்டு.